4 மீட்டர் குடோனுக்கு பேலட் ரேக் போடலாமா? ஒரு சேரம்பாடி கணக்கு

ரேக் கம்பெனிக்காரர் கொடுத்த கொட்டேஷனில் ₹1.98 லட்சம் என்று இருக்கும். "ரெண்டு லட்சம்தானே, போனஸ் வந்ததும் போட்டுடலாம்" என்று தோன்றும். அதே வேலை முடிந்து முதல் மூட்டை ரேக்கில் ஏறும்போது உங்கள் அக்கவுண்டிலிருந்து ஏறக்குறைய ₹6.8 லட்சம் போயிருக்கும். நடுவில் யாரும் ஏமாற்றவில்லை. கொட்டேஷனில் இரும்பு மட்டும்தான் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை வீடியோவில் வேகமாகச் சொல்லிட்டுப் போக முடியாது. அதனால் இங்கே நிதானமாகப் பார்ப்போம். மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டே சொந்த ஊரில் குடும்பத் தொழிலுக்குப் பணம் போடுகிறவர்கள் நம்மில் நிறைய. கோவையிலோ பெங்களூரிலோ வேலை, ஊரில் அப்பாவின் குடோன். "நவீனப்படுத்தறேன்" என்று முதலில் கை வைப்பது பெரும்பாலும் ரேக்கில்தான். பார்க்க நன்றாக இருக்கும், போட்டோ எடுத்துப் போடலாம். பணம் திரும்பி வருமா என்பது வேறு கேள்வி.

ஊரையும் முடிவு பண்ணிக்கொள்வோம். சேரம்பாடி. நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா. சோலாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் வயநாடு. தேயிலை, காபி, மிளகு, பாக்கு எல்லாம் விளையும் ஊர். டான்டீ தோட்டங்களும் இருக்கு, சின்னச் சின்ன தேயிலை விவசாயிகளும் இருக்காங்க. தென்மேற்குப் பருவமழை வந்தால் வானிலை மையத்தின் மழைப் பட்டியலில் தேவாலா, பந்தலூர், சேரம்பாடி பெயர்கள் அடிக்கடி மேலே நிற்கும். குடோன் என்றால் இங்கே முதல் எதிரி ஈரம்.

குடோனை வரைந்து பார்ப்போம்

60 அடிக்கு 30 அடி குடோன் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் 18.3-க்கு 9.1. ஓரத்தில் கூரையின் உயரம் 4 மீட்டர். சரக்கு, காகித மூட்டையில் டஸ்ட் டீ, மூட்டைக்கு 30 கிலோ. முன்பக்கம் 3 மீட்டர் லோடு ஏற்றி இறக்க விட்டுவிட்டால் உள்ளே 15.3 மீட்டர் நீளம் மிச்சம்.

இதில் வரப்போவது செலக்டிவ் பேலட் ரேக். தூண், குறுக்கு பீம், ஒவ்வொரு பேலட்டையும் தனியாக எடுக்கலாம். நம்ம ஊரில் அதிகம் புழங்கும் பேலட் அளவு 1,200-க்கு 1,000 மி.மீ. அதன் 1,000 பக்கம் பாதையைப் பார்க்க, இரண்டு பேலட்டுக்கு 2,300 மி.மீ. பீம் போதும். தூணையும் சேர்த்தால் ஒரு பே 2.4 மீட்டர். 15.3 மீட்டரில் 6 பே உட்காரும்.

அகலத்தில் பாருங்க. ஈரச் சுவரிலிருந்து 45 செ.மீ. இடைவெளி, ஒரு வரிசை ரேக் 1.2 மீட்டர், ஸ்டாக்கர் திரும்ப 2.4 மீட்டர் பாதை, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை 2.6 மீட்டர், மறுபடி 2.4 பாதை. மொத்தம் 9.05. கச்சிதமாக முடிந்துவிட்டது, நாலாவது வரிசைக்கு இடமில்லை. 3 வரிசை, வரிசைக்கு 6 பே, பேக்கு 2 பேலட். அடுக்குக்கு 36 பேலட்.

எத்தனை அடுக்கு? 20 மூட்டை ஏற்றிய பேலட் ஒன்றரை மீட்டர் உயரம் வரும். மேலே எடுக்கக் கொஞ்சம் இடைவெளி, பீமின் தடிமன் எல்லாம் சேர்த்து அடுக்குக்கு 1.75 மீட்டர். 4 மீட்டர் கூரைக்குள் தரையில் ஒன்று, பீமில் ஒன்று, அவ்வளவுதான். ஆக 72 பேலட், 1,440 மூட்டை, சுமார் 43 டன்.

இப்போ ரேக்கே இல்லாமல் பழையபடி அட்டி போட்டுப் பாருங்க. சுவரோரம், நடக்க வழி எல்லாம் விட்டு, உள்பரப்பில் 60 சதவீதம் அட்டிக்கு என்று வைத்தால் சுமார் 83 சதுர மீட்டர். அடியில் மரச்சட்டம் போட்டு 2 மீட்டர் உயரம் அடுக்கினால் சுமார் 2,050 மூட்டை, 61 டன்.

திரும்ப ஒரு தடவை படிங்க. ரேக் போட்டால் 43 டன், போடாவிட்டால் 61 டன்.

"ரேக் போட்டா இடம் மிச்சமாகும்" என்று எல்லா பிரசுரத்திலும் இருக்கும். 10 மீட்டர் உயர ஸ்ரீபெரும்புதூர் கிடங்குக்கு அது உண்மை. மேலே காலியாக இருக்கும் காற்றை அங்கே சரக்கால் நிரப்புகிறார்கள். 4 மீட்டர் குடோனில் நிரப்ப மேலே காற்றே இல்லை, தரையை மட்டும் பாதைக்குத் தாரை வார்க்கிறீர்கள். உயர்த்திக் கட்டலாமே என்றால், நீலகிரியின் கட்டட விதிகளில் உயர வரம்பு 7 மீட்டர். கூரைச் சரிவு போக உள்ளே 5.5, 6 மீட்டர் கிடைத்தால் மூன்றாவது அடுக்கு வரும். 108 பேலட், 2,160 மூட்டை. அப்போதுதான் ரேக், கை அட்டியை நூலிழையில் தாண்டுகிறது. சேரம்பாடி மாதிரி ஊரில் ரேக் போடுவதற்கு "இடம்" ஒரு காரணமே இல்லை.

அப்போ எதுக்குத்தான் ரேக்?

சரக்கை எட்டி எடுக்க.

மேலே சொன்ன 2,050 மூட்டை எப்போது சாத்தியம்? எல்லாம் ஒரே சரக்காக, ஒரே ஆளுடையதாக இருந்தால். நிஜத்தில் எஸ்ஆர்டி, ஆர்டி, பிடி என்று கிரேடு வேற, ஃபேக்டரி வேற, வந்த வாரம் வேற. ஒரு அட்டிக்கு மேல் வேறு லாட்டை ஏற்ற முடியாது. கீழே இருப்பதை எடுக்க மேலே உள்ளதை இறக்கணும். ஒரு லாட்டில் பாதி போனால் அந்த இடம் பாதி காலியாகவே நிற்கும், அடுத்த லாட்டை அதில் போட முடியாது. 15, 20 லாட் புழங்கும் குடோனில் அட்டியின் உண்மையான கொள்ளளவு பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால் 1,025 மூட்டை. இப்போ ரேக்கின் 1,440 ஜெயிக்குது. கூடவே பழைய சரக்கு முதலில் வெளியே போகும். தேயிலைக்கு இது முக்கியம். ஈரத்தை இழுத்துவிட்டால் விலை கீழேதான்.

அதனால் ரேக் கம்பெனிக்குப் போன் போடும் முன்னால் ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்து ஒரே ஒரு எண்ணைப் பாருங்க: ஒரு லாட்டுக்கு சராசரி எத்தனை பேலட்? ஒன்று, இரண்டு, மூன்று என்றால் ரேக்குக்கு வேலை இருக்கு. பத்துக்கு மேல் என்றால் அட்டியே போதும். நடுவில் இருந்தால் பாதி குடோனுக்கு மட்டும் ரேக், மீதி அட்டி. இந்தக் கலப்பு முறையை விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால் வரைந்து கொடுப்பார்.

இன்னொன்று, மலையில் மட்டும் வரும் விஷயம். பேலட்டின் முழுப் பலன், அது லாரிக்குள் அப்படியே ஏறும்போதுதான். நம்ம குடோன்களில் லாரி வந்து ஒட்டி நிற்கும் மேடை பெரும்பாலும் கிடையாது. மலைப்பாதையில் ஏறி வரும் சின்ன லாரியில் இடத்தை வீணாக்காமல் மூட்டையைத் தளர்வாகத்தான் அடுக்குவாங்க. அப்படியென்றால் பேலட் குடோனுக்குள் மட்டும் வாழ்கிறது. இறக்கும்போது லோடுமேன் ஒரு தடவை, ஏற்றும்போது ஒரு தடவை, எப்படியும் கை வைக்கணும். "லேபர் செலவு மிச்சம்" என்ற வாதத்தில் பாதி இங்கேயே கழன்றுவிடும்.

டிரைவ்-இன், புஷ்-பேக், ஷட்டில் பற்றியும் சிலர் சொல்வாங்க. ஒரே சரக்கு பெரிய அளவில் இருப்பவர்களுக்கான சாமான் அது. டிரைவ்-இன்னில் கடைசியில் வைத்ததுதான் முதலில் வரும். 1,800 சதுர அடிக்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆன்லைனில் டீ பாக்கெட், மிளகு, காபித்தூள் விற்கிற சைடு பிசினஸ் என்றால் பேலட்டே தேவையில்லை. ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கோ, லாங் ஸ்பான் ஷெல்ஃபோ போதும். கையால் வைத்து கையால் எடுப்பது. கணக்கு ஆயிரங்களில் முடிந்துவிடும். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

2 லட்சம் எப்படி 6.8 ஆச்சு?

கீழே உள்ளவை உதாரணத் தொகைகள். உங்கள் கொட்டேஷன் வந்ததும் அதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்க.

ரேக், 18 பே, பேக்கு ₹11,000: ₹1,98,000
ஜிஎஸ்டி 18%: ₹35,640
லாரி வாடகை, பொருத்துவது: ₹30,000
பேலட் 80, தலா ₹1,200: ₹96,000
செமி எலக்ட்ரிக் ஸ்டாக்கர்: ₹1,50,000
தூண் காப்பு, ஆங்கர் போல்ட்: ₹20,000
தரை கான்கிரீட்: ₹1,50,000
மொத்தம்: ₹6,79,640

பத்து வருஷம் உழைக்கும் என்று எடுத்தால் வருஷத்துக்கு ₹67,964 தேய்மானம். இதே பணம் 7 சதவீத எஃப்டியில் இருந்தால் முதல் வருஷம் ₹47,575 வட்டி. இரண்டையும் கூட்டினால் ₹1,15,539. மாதத்துக்கு சுமார் ₹9,630.

இந்த ₹9,630-தான் உங்கள் அளவுகோல். பக்கத்தில் இதைவிடக் குறைந்த வாடகைக்கு இன்னொரு சின்ன குடோன் கிடைத்தால், ரேக் போடாமல் அதை எடுங்க. லாட்டுகளைப் பிரித்து அடுக்கினால் ரேக் தரும் அதே வசதி கிடைக்கும், வேண்டாம் என்றால் அடுத்த மாதமே விட்டுவிடலாம். கிடைக்கவில்லை என்றால்தான் ரேக் பேச்சு. பர்சனல் லோன் எடுத்துப் போடுவதாக இருந்தால் 7-க்குப் பதில் உங்கள் லோன் வட்டியைப் போட்டுப் பாருங்க. கணக்கு எங்கே போய் நிற்குதுன்னு நீங்களே பார்த்துக்கலாம். எமர்ஜென்சி ஃபண்டையும் பிஎஃப்பையும் இதில் தொடவே கூடாது என்பது என் கருத்து. குடோன் தொழிலில் பணம் சரக்காக மாட்டிக்கொள்ளும், அவசரத்துக்குத் திரும்ப வராது.

பட்டியலில் பலர் விட்டுவிடுவது தரை. அதைக் கொஞ்சம் விளக்கணும். 2 மீட்டர் அட்டியின் எடை தரை முழுக்கப் பரவி, சதுர செ.மீ.க்கு 75 கிராம் அளவில்தான் அழுத்தும். ரேக்கில் பீம் அடுக்கில் இருக்கும் 1,200 கிலோ இரண்டு தூண் வழியாக இறங்குது. தூணுக்கு 600 கிலோ. அடித்தட்டு 10-க்கு 10 செ.மீ. என்றால் சதுர செ.மீ.க்கு 6 கிலோ. சரக்கு அதேதான், அழுத்தம் 80 மடங்கு. மலையில் குடோன் என்றால் ஒரு பக்கம் மண்ணை வெட்டி, மறுபக்கம் கொட்டி நிரப்பிச் சமன்படுத்திய இடமாக இருக்கும். நிரப்பிய பக்கத்தில் மெல்லிசாகப் போட்ட தளம் மழைக்காலத்தில் அமுங்கினால் தூண் சாயும். ஆங்கர் போல்ட்டும் மெல்லிய தளத்தில் பிடிக்காது. தளத்தின் தடிமன் எவ்வளவு, கீழே என்ன இருக்கு என்று ஒரு சிவில் இன்ஜினியரை வைத்து ஓரத்தில் துளைத்துப் பார்ப்பது ரேக் தேர்வின் முதல் வேலை.

இதில் பணக் கோணம் ஒன்றும் இருக்கு. ரேக்கைக் கழற்றி எடுத்துப் போகலாம், விற்கலாம், குறைந்தபட்சம் இரும்பு விலையாவது தேறும். தரையில் போட்ட ₹1.5 லட்சம் இடத்துக்காரருக்குச் சொந்தம். வாடகை குடோன் என்றால் அந்தத் தொகையை வாடகையில் கழிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்க. சொந்த இடமென்றால், கூடலூர், பந்தலூர் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் மாட்டிய நிலமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்க. பட்டா தெளிவில்லாத மண்ணில் கான்கிரீட்டுக்குப் பணம் போடுவதைவிடக் கழற்றக்கூடிய பொருளில் போடுவது மேல்.

வாங்கும்போது எதைக் கேட்கணும்

கோயம்புத்தூர் பக்கத்திலேயே ரேக் செய்பவர்கள் இருக்காங்க. கிராஃப்ட்ஸ்மேன் அங்கேதான். கோத்ரெஜ், நீல்கமல் மாதிரி பெரிய பெயர்களும் உண்டு. எந்தக் கம்பெனி என்பதைவிட என்ன எழுதித் தருகிறார்கள் என்பது முக்கியம்.

"ஒரு லெவலுக்கு ரெண்டு டன் தாங்கும் சார்" என்பது பாதித் தகவல். அது பீமின் கணக்கு. தூணின் தாங்குதிறன், முதல் பீம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கு என்பதைப் பொறுத்தது. பிடிப்பில்லாத தூண் நீளம் கூடக்கூட அது தாங்கும் எடை குறையும். பொருத்தி ஆறு மாசம் கழித்து, உயரமான சரக்கு வந்துவிட்டது என்று பீமைக் கழற்றி இரண்டு துளை மேலே மாட்டினால், ரேக்கின் பலம் யாருக்கும் தெரியாமல் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் பீம் உயரத்தோடு சேர்த்து, பீமுக்கு எவ்வளவு, முழு பேக்கு எவ்வளவு என்று எழுதிய பலகையை ரேக்கிலேயே மாட்டித் தரச் சொல்லுங்க. எடை ஏற்றியபின் பீம் வளைவது அதன் நீளத்தில் இருநூறில் ஒரு பங்குக்குள் இருக்கணும். 2,300 மி.மீ. பீமுக்கு 11.5 மி.மீ. நூல் பிடித்து நீங்களே அளக்கலாம்.

பேலட்டையும் ஸ்டாக்கரையும் தனித்தனியாக வாங்காதீங்க. விலை மலிவான பிளாஸ்டிக் பேலட் தரையில் வைக்க மட்டும் செய்யப்பட்டது. இரண்டு பீமுக்கு நடுவே வைத்து எடை ஏற்றினால் நாளடைவில் தொட்டில் மாதிரி தொங்கும். ரேக்கில் வைக்கத் தகுந்தது என்று பில்லிலேயே எழுதி வாங்கணும். ஸ்டாக்கரில் சில மாடல்களுக்கு ஃபோர்க்குக்கு நேர் கீழேயே தாங்கு கால் இருக்கும். அடியில் நாலு பக்கமும் பலகை அடைத்த பேலட்டில் அந்தக் கால் நுழையாது. இரண்டும் வந்து இறங்கியபிறகு இது தெரிந்தால், ஒன்றை விற்றுத்தான் ஆகணும்.

ஈரத்துக்கு என்ன செய்யலாம்? பவுடர் கோட்டிங் பார்க்க அழகு, ஸ்டாக்கர் ஒருமுறை உரசினால் அந்தக் கீறலில் துரு ஆரம்பிக்கும். தூணின் கீழ்ப்பகுதி, அடித்தட்டு, போல்ட் இவை மட்டுமாவது கால்வனைஸ் செய்ததாக இருக்கட்டும். முழு ரேக்கும் கால்வனைஸ் என்றால் விலை கூடும். டீ மட்டும் வைக்கிற, மழை உள்ளே வராத குடோனுக்கு அது அவசியமில்லை என்பேன். உரம் வைத்தால் கதை வேற. உர உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். தவிர, உரமும் டீயும் ஒரே கூரைக்குள் இருக்கவே கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மிளகு, சோப்பு எதுவாக இருந்தாலும் அப்படித்தான்.

இனி செகண்ட் ஹேண்ட். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை பக்கம் மூடிய கிடங்குகளிலிருந்து பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பீமும் தூணும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கணும். கொக்கி கிட்டத்தட்டப் பொருந்துது என்பது பொருந்தியதாகாது. பீம் எகிறாமல் இருக்க மாட்டும் பூட்டு பின் எல்லாவற்றிலும் இருக்கான்னு எண்ணுங்க. ஒரு மீட்டர் நேர்க்கோல் எடுத்துப் போய் ஒவ்வொரு தூணிலும் வைத்துப் பாருங்க. ஐரோப்பாவின் இஎன் 15635 விதிப்படி, தூண் பீம் போகும் திசையில் 5 மி.மீ., உள்பக்கமாக 3 மி.மீ., குறுக்குச் சட்டம் 10 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் அது பயன்படுத்தத் தகுந்ததில்லை. வெல்டிங் வைத்து நிமிர்த்திய தூணை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

3 மி.மீ.க்கு இவ்வளவு பயமா என்று கேட்பீங்க. 2016 மே மாதம் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் ஹின்ஸ்டாக் என்ற ஊரில் ஒரு கிடங்கின் ரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் டன் கணக்கான பாலாடைக்கட்டிக்கு அடியில் சிக்கினார். எட்டு மணி நேரம் கழித்து உயிரோடு மீட்டார்கள். அவருக்கு ஃபோர்க்லிஃப்டின் இரும்புக் கூண்டு இருந்தது. நம்ம குடோனில் ஸ்டாக்கரை நடந்தபடி தள்ளுபவருக்கு எந்தக் கூண்டும் கிடையாது. அது பெரும்பாலும் நம்ம வீட்டு ஆளாகவோ, இருபது வருஷமாக அங்கேயே வேலை பார்க்கும் அண்ணனாகவோ இருப்பார்.

சேரம்பாடிக்கே உரிய இன்னொரு விருந்தாளி, யானை. பந்தலூர் பகுதியில் அரிசி தேடி வீடுகளை உடைத்த பி.எம். 2 என்ற மக்னா யானையை 2022 டிசம்பரில் வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது நினைவிருக்கும். டீத்தூளை யானை சீண்டாது. அரிசி, உப்பு, வெல்லம் வைப்பவர்கள் அதை வெளிச்சுவரை ஒட்டிய வரிசையில் வைக்காமல் நடு வரிசைக்குக் கொண்டுபோங்க. ரேக்கைச் சுவரோடு போல்ட் போட்டு இணைக்கவும் வேண்டாம். சுவர் சாய்ந்தால் ரேக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்ஷூரன்ஸில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுவான பாலிசி இருக்கு. ரேக்கையும் சரக்கையும் தனித்தனித் தொகையாகக் காட்டுங்க. மண்சரிவுக்கும், யானை சுவரை இடித்தால் ஏற்படும் சேதத்துக்கும் கவரேஜ் உண்டா என்று ஏஜெண்டிடம் வாயால் கேட்காமல் மெயிலில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளுங்க. 2024 ஜூலை 30-இல் முண்டக்கை, சூரல்மலையில் நடந்தது இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை.

பில் யார் பேரில்?

சம்பளக்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். தொழில் அப்பா பேரில், ஜிஎஸ்டி நம்பர் அப்பாவுடையது. ரேக்குக்குப் பணம் கட்டியது நீங்க, பில்லும் உங்க பேரில் வந்துவிட்டது. ₹35,640 இன்புட் கிரெடிட் போச்சு. தேய்மானத்தையும் அப்பா கணக்கில் காட்ட முடியாது. உங்கள் சம்பள வருமானத்தில் அதைக் கழிக்கவும் வழியில்லை.

சரியான வழி, பணத்தை வங்கி மூலம் அப்பாவின் தொழில் கணக்குக்கு அனுப்பி, அவர் ஜிஎஸ்டி எண்ணில் பில் வாங்குவது. அன்பளிப்பாகக் கொடுத்தால் பெற்றோருக்கு அதில் வரி இல்லை. கடனாகக் கொடுத்தால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. ₹20,000 அல்லது அதற்கு மேலான கடனை ரொக்கமாகக் கொடுத்து வாங்கக் கூடாது. ரேக் ஃபர்னிச்சர் வகையில் போனால் தேய்மானம் 10 சதவீதம், பிளான்ட் வகையில் போனால் 15. ஆடிட்டரிடம் பில் போடுவதற்கு முன்னாடியே பேசி, பில்லில் பொருளின் பெயரைச் சரியாக எழுதச் சொல்லுங்க. அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான் கிடைக்கும் என்பதால் செப்டம்பருக்குள் பொருத்திவிடுவது லாபம். மழையும் அதே நேரம் என்பதுதான் சிக்கல்.

எல்லை ஊர் என்பதால் இன்னொன்று. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வருஷம் ₹40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் சோலாடி தாண்டி கல்பற்றாவுக்கோ, தாளூர் வழியாக சுல்தான் பத்தேரிக்கோ ஒரு மூட்டை டீ விற்றாலும் அது வேறு மாநில விற்பனை, பதிவு கட்டாயம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் அப்படி விற்கவே முடியாது, இன்புட் கிரெடிட்டும் எடுக்க முடியாது. அவர்களுக்கு மேலே உள்ள 6.8 லட்சத்தில் ஒரு பைசாவும் குறையாது.

ரேக் போட்டுவிட்டு, காலி இடத்தை மற்ற வியாபாரிகளுக்கு மாத வாடகைக்கு விடலாம் என்று யோசிப்பவர்களுக்கு: விவசாய விளைபொருளைக் கிடங்கில் வைப்பதற்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு. பறித்த பச்சைத் தேயிலை அதில் வரும், ஆனால் அதை யாரும் குடோனில் வைப்பதில்லை. ஃபேக்டரியில் தயாரான டீத்தூள், பதப்படுத்திய காபி, மசாலா இவை விலக்கில் வராது என்று 2017 நவம்பர் 15-ஆம் தேதி சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டாங்க. அந்த வாடகைக்கு 18 சதவீதம் உண்டு. ஒரு பேலட்டுக்கு மாதம் எவ்வளவு கேட்கலாம் என்றால், நம்ம கணக்குப்படி ₹9,630-ஐ 72-ஆல் வகுத்தால் ₹134 வரும். இது ரேக்கின் அடக்க விலை மட்டும். இடத்தின் வாடகை, வாட்ச்மேன், கரண்ட், காலியாகக் கிடக்கும் பேலட் இடங்கள் எல்லாம் இதற்கு மேல். 72-இல் 50 இடம்தான் நிரம்பும் என்று வைத்தால் அதே ₹134, ₹193 ஆகிவிடும். வாடகை பேசும்போது இரண்டாவது எண்ணிலிருந்து ஆரம்பிங்க.